வெள்ளைச் சட்டையும் கருத்த முகமும்

உங்கள் பள்ளி ஆண்டு மலர் கையில் இருந்தால், வகுப்புப் படங்கள் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று நான்கு வரிசையாக மாணவர்கள் நிற்பார்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. சட்டையில் தைத்த பெயர்ப்பட்டைகூடத் தெளிவாகத் தெரியும். இப்போது முகங்களைப் பாருங்கள். வெளிர்நிறத் தோல் உள்ள மாணவரின் புருவம், மூக்கு, கன்னம் எல்லாம் தெரியும். பக்கத்தில் நிற்கும் கருத்த மாணவரின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரியும். சில மலர்களில் இதற்கு நேர் எதிராகவும் இருக்கும். எல்லா முகங்களும் மாவு பூசியதுபோல் வெளுத்துப்போய், யார் யார் என்றே அடையாளம் தெரியாது.

“நான் கறுப்பு டீச்சர், அதான் படத்தில விழல” என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் அது தவறான அறிவியல். படத்தில் விழாததற்குக் காரணம் தோல் அல்ல, வெளிச்சத்தை வைத்த விதமும் கேமரா போட்ட கணக்கும்தான்.

கணக்கை முதலில் பார்ப்போம். கேமராவின் ஒளிமானிக்கு முகம் எது, சட்டை எது என்று தெரியாது. காட்சியிலிருந்து வரும் ஒளியை அளக்கும். அந்தக் காட்சி சராசரியாக, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் நிறப் பரப்பு என்று வைத்துக்கொள்ளும். துவைத்த வெள்ளைச் சட்டையோ 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். நாற்பது வெள்ளைச் சட்டைகள் படத்தை நிரப்பினால், ‘இங்கே வெளிச்சம் அதிகம்’ என்று கேமரா முடிவுகட்டி, உள்ளே விடும் ஒளியைக் குறைத்துவிடும். சட்டை சாம்பல் பக்கம் நகரும். முகங்கள் அதற்கும் கீழே இருட்டுக்குள் இறங்கும். இன்றைய கைப்பேசிகள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதற்கேற்ப அளக்கின்றன. அதனால் பிழை குறைந்திருக்கிறது. மறைந்துவிடவில்லை.

திருமண மண்டபத்திலும் இதே கதைதான். மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி, மணப்பெண்ணுக்கு ஜரிகை மின்னும் பட்டு, பின்னால் பளபளக்கும் மணவறை. இதற்கு நடுவில் இரண்டு முகங்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் திருமணப் படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்யும் நம்மவர்கள் பலர் வார இறுதிகளில் ஒளியமைப்புப் பட்டறைகளுக்குப் போவதற்கு இதுவே காரணம். பொழுதுபோக்காகக் கேமரா வாங்கியவர்களும் அங்கே வருவார்கள். புதிய கேமராவைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம் என்று போகிறவர்களுக்கு அங்கே கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கும். பட்டறையில் பேசப்படுவது பெரும்பாலும் கேமரா அல்ல, விளக்கு. அதுவும் நீங்கள் பள்ளியில் படிக்கும் ஒளியியல்தான்.

இப்படிப்பட்ட பயிற்சிகள் உலகெங்கும் பரவியதற்கு ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். டேவிட் ஹாபி என்பவர் அமெரிக்காவின் பால்டிமோர் சன் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்தவர். கேமராவின் தலையில் மாட்டும் சிறிய ஃபிளாஷைக் கழற்றி எடுத்து, ஒரு கம்பத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து அடித்தால் பெரிய ஸ்டூடியோவின் தரம் கிடைக்கும் என்று 2006 முதல் ‘ஸ்ட்ரோபிஸ்ட்’ என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். விலை உயர்ந்த விளக்குகள் வாங்க முடியாத இளைஞர்களுக்கு அது பெரிய கதவைத் திறந்தது. நம் நாட்டிலும் புகைப்படக் கலைக்கென்று மேடைகள் உண்டு. உருவப்படங்களுக்கான கோலாலம்பூர் அனைத்துலகப் புகைப்பட விருது 2009-இல் தொடங்கியது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் விக்னேஸ் பாலசிங்கம் 2013-இல் தொடங்கிய ஒப்ஸ்கூரா புகைப்பட விழாவில் கண்காட்சிகளோடு பயிற்சி வகுப்புகளும் நடந்தன.

சரி, பட்டறைக்குள் போவோம்.

சூரியன் ஒரு சின்ன விளக்கு

முதலாம் படிவ அறிவியலில் நிழலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒளிமூலம் சிறியதாக இருந்தால் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். பெரியதாக இருந்தால் நடுவில் இருண்ட கருநிழலும் சுற்றிலும் மங்கலான புறநிழலும் விழும். ஒளியமைப்பின் முதல் பாடமே இதுதான். முகத்தில் மூக்கின் நிழல் கன்னத்தின் மேல் விழுகிறது அல்லவா? அந்த நிழலின் விளிம்பு கூர்மையாக இருந்தால் ‘கடின ஒளி’ என்பார்கள். மெல்ல மெல்லக் கரைந்தால் ‘மென் ஒளி’.

இங்கே ஒரு கேள்வி. சூரியன் பெரிய விளக்கா, சிறிய விளக்கா? அதன் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். அதைவிடப் பெரிய விளக்கு நமக்குக் கிடையாது. ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் கண்ணுக்கு வானத்தில் அரை பாகை அகலம்தான். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் மறைந்துவிடும். ஆகவே படம் எடுப்பவருக்குச் சூரியன் ஒரு சின்ன விளக்கு. நிழல் கூர்மையாக விழும். விளக்கு எவ்வளவு பெரியது என்பது முக்கியமல்ல. முகத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே முக்கியம்.

அதே சூரியனை மேகம் மறைத்தால் வானம் முழுவதும் விளக்காகிவிடும். ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வரும். நிழல் காணாமல் போகும். 2015-லும் 2019-லும் கிள்ளான் பள்ளத்தாக்கைப் புகைமூட்டம் மூடியது நினைவிருக்கலாம். 2019 செப்டம்பரில் பள்ளிகளுக்கே விடுமுறை விட்டார்கள். காற்றில் மிதந்த நுண்துகள்கள் சூரிய ஒளியைச் சிதறடித்ததால், வெளியே நின்றால் நம் நிழல் தரையில் சரியாகவே விழாது. நுரையீரலுக்குக் கேடு செய்த அதே துகள்கள்தான் வானத்தை ஒரு பெரிய ஒளிச்சிதறல் திரையாக மாற்றின. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டுவதும், குடையில் பட்டுத் திரும்பும்படி அடிப்பதும், ‘சாஃப்ட்பாக்ஸ்’ என்ற துணிப்பெட்டியை மாட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 5 சென்டிமீட்டர் அகல விளக்கை ஒரு மீட்டர் அகல விளக்காக மாற்றுகின்றன.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினால் அருமையான சாஃப்ட்பாக்ஸ். வகுப்பில் குழு வேலைக்கு ஒட்டும் மாஜோங் தாளை முகத்தின் மறுபக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டால், ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தை நிரப்பும். மலாய்ப் பாடநூலில் ‘பந்துலான்’ என்று படிக்கும் எதிரொளிப்புதான் அது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. ஐரோப்பாவில் அந்தக் கால ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேடிப் பிடிப்பார்கள். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால், வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. அந்த அறிவுரையை அப்படியே கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தால் பலிக்காது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில்தான் இருக்கிறோம். மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நம் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. எந்தப் பக்கம் நின்றாலும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல்தான். அதனால்தான் கோவில் வாசலில் பிற்பகல் ஒரு மணிக்கு எடுத்த படங்களில் எல்லார் கண்ணும் குழிக்குள் போனதுபோல் இருக்கும். நெற்றியும் புருவமும் கண்ணின் மேல் நிழல் போடுகின்றன. இன்னொரு விஷயம். நம் கடிகாரம் காட்டும் 12 மணி உண்மையான நண்பகல் அல்ல. மலேசிய நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஏற்ப அமைந்தது. கோலாலம்பூரோ ஏறக்குறைய 101.7 பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் நம் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15 மணியளவில்.

அந்த நேரத்தில் படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் எங்கே போவது? கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸின் பழைய பகுதிகளிலும் கடைவீடுகளுக்கு முன் ‘காக்கி லீமா’ என்ற ஐந்தடி நடைபாதை உண்டு. மேலே கூரை. ஒரு பக்கம் சுவர். மறு பக்கம் திறந்த வானம். உச்சி வெயிலைக் கூரை தடுத்துவிடும். வானத்தின் ஒளியும் சாலையில் பட்டுத் திரும்பும் ஒளியும் பக்கவாட்டில் வரும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காகக் கட்டிய இடம் ஒரு நல்ல ஒளிக்கூடமாகவும் அமைந்துவிட்டது. பூக்கடை முன் நிற்கும் ஆச்சியை நடுச்சாலைக்கு அழைக்காதீர்கள். அவர் நிற்கும் இடம்தான் சரியான இடம்.

இரண்டு வரிசை, ஒரு ஃபிளாஷ்

விளக்கிலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி பாதியாகும் என்று பலர் நினைப்பார்கள். பாதி அல்ல, கால் பங்கு. ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சதுரப் பரப்பின் மேல் விழும் ஒளி, இரண்டு மீட்டர் போனதும் அகலத்தில் இரண்டு மடங்கும் உயரத்தில் இரண்டு மடங்கும் பரவி, நான்கு சதுரங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. தொலைவு மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதைத்தான் எதிர் இருமடி விதி என்கிறோம்.

மணவறையில் குடும்பப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் பின்னால் பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள். ஃபிளாஷ் முன்வரிசையிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால், பின்வரிசைக்குக் கிடைப்பது முன்வரிசைக்குக் கிடைத்ததில் 25 விழுக்காடுதான். பாட்டி வெளுப்பார், பேரன் இருளுவான். ஃபிளாஷைப் பின்னுக்குத் தள்ளி 4 மீட்டரில் வையுங்கள். இப்போது பின்வரிசை 5 மீட்டரில் இருக்கும். 16-ஐ 25-ஆல் வகுத்தால் 64 விழுக்காடு. விளக்கைத் தூரமாக நகர்த்தியதும் இரண்டு வரிசைக்கும் இடையிலான வேறுபாடு குறைந்துவிட்டது. கேட்பதற்கு வினோதமாக இருந்தாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது. மொத்த ஒளி குறைந்ததை ஈடுகட்ட ஃபிளாஷின் ஆற்றலைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ஃபிளாஷ்களின் பெட்டியில் ‘வழிகாட்டி எண்’ என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் 40 என்றால், அதைத் தொலைவால் வகுத்தால் எந்த அப்பெர்ச்சர் வைக்க வேண்டும் என்று கிடைத்துவிடும். 5 மீட்டருக்கு எஃப் 8. 10 மீட்டருக்கு எஃப் 4. எதிர் இருமடி விதியை ஒரே ஒரு வகுத்தல் கணக்காகச் சுருக்கிய கெட்டிக்காரத்தனம் அது.

தீயிலிருந்து மின்தேக்கிக்கு

மெக்னீசியம் நாடாவைப் பற்றவைத்தால் கண்ணைக் கூசும் வெள்ளொளி வரும் என்பதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். 1864-இல் ஆல்ஃபிரெட் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த ஒளியைக் கொண்டு நிலத்தடிச் சுரங்கத்துக்குள் படம் எடுத்தார். 1887-இல் ஜெர்மனியில் மியேதே, கெய்டிக்கே என்ற இருவர் மெக்னீசியத் தூளோடு ஆக்ஸிஜன் தரும் பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, ஒரே நொடியில் வெடித்து ஒளிரும் பொடியைச் செய்தார்கள். நியூயார்க்கின் இருண்ட வாடகை அறைகளில் ஏழைகள் எப்படி நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்பதைச் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் இந்தப் பொடியின் வெளிச்சத்தில்தான் படம் பிடித்துக் காட்டினார். 1890-இல் வந்த அவருடைய புத்தகம் அந்த நகரத்தை உலுக்கியது. படம் எடுக்கப் போய் இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தமக்குமே தீ வைத்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இதை வீட்டிலோ ஆய்வகத்திலோ செய்து பார்க்க நினைக்காதீர்கள். அந்தக் கலவை உண்மையிலேயே ஒரு வெடிமருந்து.

இன்றைய ஃபிளாஷில் நெருப்பு இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் செனான் வாயு இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் எட்ஜர்டன் என்ற மின் பொறியியல் பேராசிரியர் இந்த வகை மின்பொறி விளக்குகளை வளர்த்தெடுத்தார். பால்துளி விழுந்து கிரீடம்போல் தெறிக்கும் அவருடைய 1957-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கிக் குண்டை 1964-இல் எடுத்தார். அந்தப் படத்தில் குண்டை ‘நிறுத்தியது’ கேமராவின் ஷட்டர் அல்ல. இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு அளவே நீடிக்கும் ஒளியை அடித்தால், ஒளி இருந்த அந்தக் கணம் மட்டுமே பதிவாகும்.

ஒரு சாதாரண ஃபிளாஷில் நான்கு சிறு மின்கலங்கள் இருக்கும். மொத்தம் 6 வோல்ட். அதை 300 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தி, மலாயில் ‘கபாசிட்டோர்’ எனப்படும் மின்தேக்கியில் சேமிக்கிறார்கள். ஃபிளாஷைப் போட்டதும் மெல்லிய ‘கீய்ங்’ சத்தம் கேட்குமே, சேமிப்பு நடக்கும் சத்தம் அது. மின்தேக்கியில் உள்ள ஆற்றல், மின்தேக்குத்திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கி வருவதில் பாதி. 1000 மைக்ரோஃபாரட், 330 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 54 ஜூல். 54 ஜூல் பெரிய ஆற்றல் அல்ல. ஆறு வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஒன்பது நொடியில் தின்றுவிடும். ஆனால் ஃபிளாஷ் அதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கொட்டிவிடுகிறது. அப்போது திறன் 54,000 வாட்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழுதான ஃபிளாஷையோ பழைய ஃபிலிம் கேமராவையோ கழற்றிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வரும். எனக்குத் தெரியும், என் மாணவர்களுக்கும் வருகிறது. மின்கலத்தை எடுத்துவிட்டாலும் மின்தேக்கியில் மின்னூட்டம் நீண்ட நேரம் தங்கியிருக்கும். தொட்டால் கடுமையான மின்னதிர்ச்சி. திறக்காதீர்கள்.

ஃபிளாஷின் இந்தக் குறுகிய ஆயுளால் பட்டறைகளில் எல்லாரும் வியக்கும் ஒரு வித்தை சாத்தியமாகிறது. தைப்பூசத்தன்று பொழுது விடியும் நேரத்தில் பத்துமலை அடிவாரத்தில் காவடி எடுப்பவரைப் படம் எடுக்கிறீர்கள் என்று கற்பனை செய்யுங்கள். பின்னால் சுண்ணாம்புப் பாறையும் நீல வானமும். வானத்தின் ஒளி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்தால் வானம் வெளிரும், குறைவாகத் திறந்தால் கருக்கும். ஃபிளாஷ் ஒளியோ ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் வந்து முடிந்துவிடுவதால், ஷட்டர் நேரத்தை மாற்றினாலும் முகம் மாறாது. ஆக ஒரே படத்தில் இரண்டு திருகாணி. வானத்துக்கு ஷட்டர். முகத்துக்கு ஃபிளாஷின் ஆற்றலும் தொலைவும். ஆனால் ஷட்டரை நொடியின் 200 அல்லது 250-இல் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தால் பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும். அந்த வேகத்தில் ஷட்டரின் இரண்டு திரைகளும் முழுதாகத் திறப்பதில்லை. நடுவில் ஒரு கீற்று மட்டும் ஓடுகிறது. ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் அந்தக் கீற்று எங்கே இருக்கிறதோ அங்கு மட்டும்தான் ஒளி விழும்.

கண்ணுக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது பக்தருக்கு இடைஞ்சல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பயிற்றுநர்கள் கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்வார்கள்.

குங்குமம் ஏன் பழுப்பாகிறது?

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குத்துவிளக்குச் சுடரின் ஒளி ஏறக்குறைய 1,900 கெல்வின். பகலொளி 5,500 கெல்வின். வெப்பநிலை குறைந்த ஒளிதான் சிவந்து ‘சூடாக’த் தெரியும் என்பது வேடிக்கை. வெள்ளை எல்.இ.டி. வேறு ரகம். அதன் உள்ளே இருப்பது நீல விளக்கு. அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் பாஸ்பர் பூச்சு மாற்றிக் கொடுப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான எல்.இ.டி.யில் ஆழ்சிவப்பு மிகக் குறைவு. விளக்கு அனுப்பாத நிறத்தைக் குங்குமம் எப்படித் திருப்பி அனுப்பும்? அதனால் பழுப்பாகத் தெரிகிறது. தோலின் உயிர்ப்பும் சிவப்பில்தான் இருக்கிறது. அதுவும் போய்விடும்.

கைப்பேசிப் படத்தில் சில சமயம் குறுக்கே இருண்ட பட்டைகள் ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் நேரத்தை நொடியின் 50 அல்லது 100-இல் ஒரு பங்காக வைத்தால், ஒவ்வொரு பகுதிக்கும் முழுத் துடிப்புகள் கிடைத்துப் பட்டைகள் மறையும்.

ஷெர்லி என்ற அட்டை

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். கருத்த தோல்.

ஃபிலிம் காலத்தில் கடைகளில் படம் கழுவும் இயந்திரத்தின் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பும். அதில் வெளிர்நிறத் தோலுடைய ஒரு பெண் இருப்பார். முதலில் அதற்கு நின்றவரின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றார்கள். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. அந்த அளவுகோலுக்கு ஏற்ப வடிவமைத்த ஃபிலிமில் கருத்த தோலின் நுட்பமான வேறுபாடுகள் சரியாகப் பதிவாகவில்லை. பல இனக் குழந்தைகள் ஒன்றாக நின்ற வகுப்புப் படங்களில் கருத்த குழந்தைகளின் முகம் மட்டும் இருண்டுபோனதைப் பெற்றோர்கள் கவனித்தார்கள். ஆனால் நிறுவனத்தை அசைத்தது அவர்கள் அல்ல. சாக்லெட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும்தான். கறுப்பு சாக்லெட்டுக்கும் பால் சாக்லெட்டுக்கும் விளம்பரப் படத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று அவை புகார் சொன்னதும் ஃபிலிம் மேம்பட்டது என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்திருக்கிறார். பல இனத்தவர் உள்ள மாதிரி அட்டைகள் 1990-களில்தான் வந்தன. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஒளிப்பாமல் சொல்கிறேன்.

ஃபிலிமோடு இது முடிந்துவிடவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் தோல் வழியே ஒளியை அனுப்பி அளக்கும் கருவிதான். 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் அக்கருவி அதைக் காட்டத் தவறியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகம். ஒளியும் தோலும் சந்திக்கும் இடத்தைக் கவனமாகப் படிப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

அந்தச் சந்திப்பில் என்ன நடக்கிறது? தோலின் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 அல்லது 5 விழுக்காடு, மேற்பரப்பிலேயே கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். இது எல்லாத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மீதி ஒளி உள்ளே நுழைந்து, சிதறி, ஒரு பகுதி வெளியே வருகிறது. உள்ளே இருக்கும் மெலனின் அதை உறிஞ்சுகிறது. வெளிர்நிறத் தோலில் உள்ளிருந்து வரும் ஒளி மிகுதி என்பதால் மேற்பரப்பின் பளபளப்பு அதில் கரைந்துவிடும். கருத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு. ஆகவே பளபளப்புத்தான் முகத்தின் வடிவத்தை வரைகிறது.

கருத்த முகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது இதிலிருந்தே வந்துவிடுகிறது. கேமராவின் தலையிலிருந்து நேராக அடிக்கும் சிறிய ஃபிளாஷ், நெற்றியிலும் மூக்கிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை மட்டும் போடும். மற்ற இடம் தட்டையாக இருண்டிருக்கும். அதே ஃபிளாஷைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், பெரிய வெள்ளைத் துணி வழியாக அடித்தால், கன்னத்து எலும்பின் மேல் அகலமான மென்மையான ஒளி படரும். மூக்கின் ஓரம், தாடையின் வளைவு எல்லாம் தெரியும். தோலை வெளுக்கவைக்கத் தேவையில்லை. சில ஸ்டூடியோக்கள் கணினியில் முகத்தை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கிக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அது ஒளியமைப்பு தெரியாததை மறைக்கும் குறுக்குவழி. மணப்பெண்ணின் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்து, பாட்டி எப்படி இருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

செய்து பாருங்கள்

பட்டறைகளில் முகத்துக்குப் பதிலாக முட்டையை வைத்துப் பழகச் சொல்வது வழக்கம். முட்டை அசையாது, சலித்துக்கொள்ளாது. உங்களுக்கு மூன்று பொருள்கள் வேண்டும். கடையில் வாங்கும் பழுப்புக் கோழிமுட்டை ஒன்று, வெள்ளை ஓடு உள்ள வாத்து முட்டை ஒன்று, நன்கு துடைத்த மங்குஸ்தான் பழம் ஒன்று. மேசையில் மாஜோங் தாளை விரித்து மூன்றையும் வரிசையாக வையுங்கள். அறையை இருட்டாக்குங்கள். நண்பரின் கைப்பேசி டார்ச்சை எடுத்து, உங்கள் கைப்பேசியை ஒட்டிப் பிடித்து நேராக அடித்து ஒரு படம் எடுங்கள். அடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அரை மீட்டருக்கு நகர்த்தி ஒன்று. பிறகு டார்ச்சுக்கு முன்னால் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து ஒன்று. கடைசியாக, மறுபக்கம் வெள்ளை மணிலா அட்டையை நிறுத்தி ஒன்று.

ஒவ்வொரு முறையும் திரையில் மங்குஸ்தானைத் தொட்டு ஒரு படமும் வாத்து முட்டையைத் தொட்டு ஒரு படமும் எடுங்கள். மங்குஸ்தானைத் தொட்டதும் படம் முழுவதும் வெளிரும். முட்டையைத் தொட்டதும் இருளும். மொத்தம் எட்டுப் படங்கள். மங்குஸ்தானின் உருண்டை வடிவம் எந்தப் படத்தில் நன்றாகத் தெரிகிறது, அதில் பளபளப்பின் அகலம் எவ்வளவு, நிழலின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டருக்குள் கரைகிறது என்று ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முட்டையையும் பழத்தையும் சாப்பிட்டுவிடலாம்.